இரண்டு பேரை அனுப்பிய தொகுதி

  இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் முடிந்த கையோடு வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டான்: "சேர், மாநகர சபையில நம்மட ஆள் எத்தனை பேர்?" பக்கத்தில் இருந்தவன் உடனே, "நம்மட ஆள் எண்டா ஆரு? நம்மட ஊர் ஆளா, நம்மட மதத்து ஆளா?" என்று திருப்பிக் கேட்டான். வகுப்பே சிரித்தது. அந்த இரண்டாவது கேள்விதான் நம்மை யோசிக்க வைத்தது. குடியியற் கல்விப் புத்தகத்தில் தேர்தல் முறைகளைப் பாடமாக்கிப் புள்ளி வாங்குகிறோம். நம்முடைய சொந்தத் தொகுதி யாரை அனுப்பியது, எந்தக் கணக்கில் அனுப்பியது என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் நாம் எங்கே இருக்கிறோம் என்று பார்ப்போம். நகரத்திலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி கல்முனை வீதியில் தெற்கே வந்தால் கல்லடி, நொச்சிமுனை, நாவற்குடா, மஞ்சந்தொடுவாய். அதற்கப்பால் காத்தான்குடி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு கீற்று நிலம். நாவற்குடாவும் மஞ்சந்தொடுவாயும் மட்டக்களப்பு மாநகர சபைக்குள். எல்லைக்கு அந்தப் பக்கம் காத்தான்குடி நகரசபை. பழைய பாலம் 1924இலும் அதற்குப் பக்கத்திலேயே புதிய பாலம் 2013இலும் திறக்கப்பட்டன. பாலம் வந்தபிறகு நகரம் நமக்குக் கிட்டவாகியது. ஆனால் நகரத்தின் மேசையில் நமக்கு ஒரு கதிரை கிடைக்குமா என்பது வேறொரு கதை.

அந்தக் கதை 1833இல் தொடங்குகிறது. வெள்ளைக்காரன் சட்டநிரூபண சபையை அமைத்தபோது நாட்டிலுள்ள தமிழ் பேசும் எல்லோருக்குமாக ஒரேயொரு நியமன உறுப்பினர். தமிழரும் முஸ்லிம்களும் அந்த ஒருவருக்குள்தான் அடக்கம். 1889இல்தான் முஸ்லிம்களுக்கென்று தனியாக ஒரு நியமன உறுப்பினர் வந்தார். அவர் எம். சி. அப்துல் ரஹ்மான். 1924இல் முஸ்லிம்களுக்கு இனவாரியாக மூன்று ஆசனங்கள் கிடைத்தன. எச். எம். மாக்கான் மாக்கார், ரி. பி. ஜாயா, என். எச். எம். அப்துல் காதர் ஆகிய மூவரும் தெரிவானார்கள். அந்த நாளில் வாக்குரிமை படிப்பும் சொத்தும் உள்ளவனுக்குத்தான். வாவியில் வலை வீசுகிறவனுக்கும் பாய் இழைக்கிற பெண்ணுக்கும் அதில் இடமில்லை.

1931இல் டொனமூர் சீர்திருத்தம் இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்தது. 21 வயது வந்த ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தது. இனவாரி ஆசனங்களை எடுத்துவிட்டது. இனி எல்லோரும் பிரதேசத் தொகுதியில் நின்றுதான் வெல்ல வேண்டும். சிறுபான்மையினர் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. 1931 அரசாங்க சபைத் தேர்தலில் நாடு முழுவதிலும் வென்ற முஸ்லிம் ஒரேயொருவர்தான். அந்த ஒருவரை அனுப்பியது வேறு எந்த இடமும் இல்லை, மட்டக்களப்பு தெற்குத் தொகுதி! வென்றவர் மாக்கான் மாக்கார். அவர் மட்டக்களப்பைச் சேர்ந்தவரல்ல, காலியைச் சேர்ந்த இரத்தினக்கல் வியாபாரக் குடும்பத்தவர். இங்கே நின்று வென்று, போக்குவரத்து, பொதுவேலைகள் அமைச்சராகவும் ஆனார். முழு நாட்டு முஸ்லிம்களுக்கும் ஒரு வாசல் மூடியபோது, தமிழரும் முஸ்லிமும் கலந்து வாழ்ந்த நம்முடைய மண்தான் இன்னொரு வாசலைத் திறந்தது. இதை நம் பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அதே அரசாங்க சபையில் இன்னொருவரையும் மறக்கக்கூடாது. ஊரார் "நல்லையா மாஸ்டர்" என்று அழைத்த வி. நல்லையா, 1943 இடைத்தேர்தலில் திருகோணமலை-மட்டக்களப்புத் தொகுதிக்குத் தெரிவானார். 1944இல் ஜே. ஆர். ஜயவர்த்தன சிங்களத்தை அரசகரும மொழியாக்க வேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தபோது, சிங்களத்தோடு தமிழையும் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தவர் அவர்தான். அந்தத் திருத்தம் தமிழருக்கு மட்டும் உரியதா? மத்ரஸாவில் அரபியை ஓதிவிட்டு வீட்டில் தமிழில் பேசும் நமக்கும் அது உரியதுதான். பிரதிநிதி என்றால் யார் என்பதற்கு நம் பகுதியிலிருந்தே கிடைக்கும் நல்ல உதாரணம் இது. தன்னைப் போன்றவர்களுக்காக மட்டும் பேசுகிறவர் பாதிப் பிரதிநிதிதான்.

1947இல் சோல்பரி யாப்பின் கீழ் முதல் பாராளுமன்றத் தேர்தல். மட்டக்களப்பு அப்போது ஒரு உறுப்பினர் தொகுதி. ஐக்கிய தேசியக் கட்சியின் அகமது லெப்பை சின்னலெப்பை வென்றார். 1952இல் சுயேச்சையாக நின்ற ஆர். பி. கதிராமர் வென்றார். 1956இல் தமிழரசுக் கட்சியின் செ. இராசதுரை வென்றார். மூன்று தேர்தலில் மூன்று பேர். ஆனால் ஒவ்வொரு முறையும் கணக்கு ஒன்றுதான்: முந்தினவருக்கு முழுத் தொகுதி, பிந்தினவருக்கு வெறும் கை. ஒருமுறை தமிழ் வாக்காளர் "நமக்கு ஆளில்லை" என்றார்கள், மறுமுறை முஸ்லிம் வாக்காளர் அதையே சொன்னார்கள். ஒரே தெருவில் இருக்கும் இரண்டு வீட்டில் ஒரு வீடு சிரிக்க மற்ற வீடு அழ வேண்டிய தேர்தல் அது.

அதற்கு ஒரு மருந்து 1959 தொகுதி நிர்ணயத்தில் வந்தது. மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதியாக்கப்பட்டது. 1960 மார்ச் தேர்தலிலிருந்து ஒரே தொகுதி, இரண்டு உறுப்பினர்கள். கூடுதல் வாக்கு எடுத்தவர் முதலாவது உறுப்பினர், அடுத்தவர் இரண்டாவது உறுப்பினர். வாக்காளர் கையிலும் இரண்டு வாக்கு. கலந்து வாழும் மக்களைக் கோடு கிழித்துப் பிரிக்காமல், எல்லோரையும் ஒரே தொகுதிக்குள் வைத்துக்கொண்டே இரு சமூகத்துக்கும் ஆளனுப்ப வழி செய்வதுதான் இதன் நோக்கம். எண்ணிக்கையில் குறைந்த சமூகம் தன் வாக்கைச் சிதறவிடாமல் ஒருவர் பக்கம் நின்றால் இரண்டாவது இடத்தை எட்டிப்பிடிக்கலாம். மூதூர், அக்குறணை போன்ற இடங்களுக்கும் இதே முறை வந்தது.

1960களில் இந்த மருந்து வேலை செய்தது. முதலாவது உறுப்பினராக இராசதுரை தொடர்ந்து வந்தார். இரண்டாவது இடத்தில் ஏ. எச். மாக்கான் மாக்கார், லத்தீப் சின்னலெப்பை ஆகியோர் இருந்தார்கள். 1967இல் நகரம் மாநகர சபையாகத் தரமுயர்ந்தது. இராசதுரை மாநகர முதல்வராகவும் இருந்தவர்.

ஆனால் எந்த முறையும் நமக்கு எழுதித் தந்த உறுதி அல்ல. 1970 தேர்தலில் இராசதுரையும் இராஜன் செல்வநாயகமும் வென்றார்கள். இரண்டு ஆசனமும் தமிழருக்கு. முஸ்லிம்களுக்கு ஏழு வருஷம் ஆளில்லை. சட்டம் மாறவில்லை, தொகுதி மாறவில்லை, வாக்குச் சேர்ந்த விதம் மட்டும் மாறியது. 1977இல் கதை மறுபடி திரும்பியது. தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் இராசதுரை. தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் கவிஞர் காசி ஆனந்தன். ஐக்கிய தேசியக் கட்சியில் பரீட் மீராலெப்பை. இராசதுரை முதலாவது, மீராலெப்பை இரண்டாவது, காசி ஆனந்தன் மூன்றாவது. வீடும் சூரியனும் மோதிய கதையை அந்தக் காலத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். இராசதுரை 1979இல் ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போய் அமைச்சரானது அதற்குப் பிந்திய கதை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அதே 1977இல் பொத்துவில் தொகுதியும் இரட்டை அங்கத்தவர் தொகுதியாக இருந்தது. அங்கே முஸ்லிம்கள் கூடுதல். ஜலால்தீன் முதலாவது உறுப்பினர், கூட்டணியின் கனகரத்தினம் இரண்டாவது உறுப்பினர். மட்டக்களப்பில் முஸ்லிமுக்குக் கைகொடுத்த அதே கணக்குத்தான் பொத்துவிலில் தமிழருக்குக் கைகொடுத்தது. சிறுபான்மை என்பது நிரந்தரமான பெயரல்ல. எல்லைக் கோட்டை எங்கே போடுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் யார் பெரும்பான்மை, யார் சிறுபான்மை என்பது. நாவற்குடாவில் நாம் குறைவு. பத்து நிமிஷம் சைக்கிள் மிதித்தால் காத்தான்குடியில் நாமே எல்லாம். அங்கே இருக்கும்போது நாம் எப்படி நடக்கிறோமோ, அதைத்தான் இங்கே நமக்கு மற்றவர்களிடம் கேட்கும் உரிமை இருக்கிறது.

1978 யாப்பு தொகுதிகளை எடுத்துவிட்டு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. ஆனால் 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பால் பாராளுமன்றத்தின் காலம் நீட்டப்பட்டது. 1977இல் வாக்களித்தவர் அடுத்த பொதுத்தேர்தலுக்கு 1989 வரை பன்னிரண்டு வருஷம் காத்திருந்தார். அந்த இடைவெளியில்தான் 1981இல் நமக்குப் பக்கத்துக் காத்தான்குடியில் முஸ்லிம் காங்கிரஸ் உருவானது. விகிதாசார முறையில் ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 வீதம் எடுக்காத கட்சிக்கு ஆசனமே இல்லை என்றொரு விதி இருந்தது. 1988 டிசம்பரில் 15ஆவது திருத்தம் அதை 5 வீதமாகக் குறைத்தது. அதற்காக மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப் வாதாடியது வரலாறு. அந்தக் குறைப்பால் முஸ்லிம் கட்சி மட்டும் பயன்பெறவில்லை. நாட்டிலுள்ள எல்லாச் சிறிய கட்சிகளும் பயன்பெற்றன.

விகிதாசார முறை மட்டக்களப்பு மாவட்டத்தின் ஐந்து ஆசனத்தில் நமக்கு இடம் தந்தது. 2020இலும் 2024இலும் ஐந்தில் ஒருவர் முஸ்லிம். ஆனால் அது நம்மிடமிருந்து ஒன்றை எடுத்தும்கொண்டது. உள்ளூராட்சியிலும் வட்டாரம் போய், முழு நகரமும் ஒரே பட்டியலானது. "இந்த ஒழுங்கைக்குப் பொறுப்பு இன்னார்" என்று காட்ட ஒருவர் இல்லாமல் போனார். எல்லோரும் எல்லோருக்கும் உறுப்பினர், ஆகவே யாரும் யாருக்கும் உறுப்பினர் இல்லை.

பிறகு யுத்தம். 1990ஐ நாம் பதிவில் எழுதும்போது கை நடுங்கும். ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள், குழந்தைகளும் பெண்களுமாக, கொல்லப்பட்டார்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை விடுபவரை நம்பாதீர்கள். அந்த வருஷத்துக்குப் பிறகு ஒரே வீதியில் இருந்த இரண்டு வீடும் ஒன்றையொன்று பார்க்கும் விதம் மாறியது. இரண்டு வாக்கில் ஒன்றை அடுத்த சமூகத்து ஆளுக்குப் போட்ட காலம் கிழவர்களின் கதையாகிவிட்டது.

1994 மார்ச்சில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. அதற்குப் பிறகு மட்டக்களப்பு மாநகர சபைக்குத் தேர்தல் வந்தது 2008 மார்ச் 10இல். பதினான்கு வருஷம்! 1994இல் பிறந்த பிள்ளை உயர்தர வகுப்பை நெருங்கிவிட்டது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு போட்டியிடாத அந்தத் தேர்தலில் 19 ஆசனத்தில் 11ஐ ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு எடுத்தது. சிவகீதா பிரபாகரன் மேயரானார். அந்தத் தேர்தல் எந்தச் சூழலில் நடந்தது என்பது ஊருக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பெண் அந்தக் கதிரையில் அமர்ந்தார் என்பதை நம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

2018 பெப்ரவரி 10 தேர்தலில் வட்டாரம் திரும்பி வந்தது. இப்போது கலப்பு முறை: 60 வீதம் வட்டாரத்தில், 40 வீதம் பட்டியலில். பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு. விருப்பு வாக்கு இல்லை. ஒரே ஒரு புள்ளடி. அந்தப் புள்ளடி வட்டார வேட்பாளருக்கும் போகும், கட்சியின் மொத்தக் கணக்குக்கும் போகும்.

வகுப்பில் கரும்பலகையில் போட்ட கணக்கை இங்கேயும் போடுகிறோம். இது வெறும் உதாரணக் கணக்கு. ஒரு வட்டாரத்தில் 1000 வாக்கு. ஒருவருக்கு 380, அடுத்தவருக்கு 340, மூன்றாமவருக்கு 280. வட்டாரம் 380 எடுத்தவருக்கு. மீதி 620 பேர் வேறு ஆளைத்தான் கேட்டார்கள். பழைய ஒற்றைத் தொகுதி முறையில் அந்த 620 வாக்கும் வாவியில் போட்ட கல். இன்றைய முறையில் அவை கட்சியின் நகரக் கணக்கில் சேர்ந்து ஒரு பட்டியல் ஆசனமாக வரலாம். ஆனால் இரண்டு "ஆனால்" இருக்கிறது. ஒன்று, அந்த 620 வாக்கும் ஐந்தாறு சுயேச்சைக் குழுக்களுக்குள் சிதறினால் எதுவும் வராது. இரண்டு, பட்டியலில் யார் உள்ளே போவது என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. கட்சிச் செயலாளர் தீர்மானிப்பார். நம் வாக்கால் வந்த ஆசனத்தில் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆள் போய் உட்காரலாம். ஆகவே தேர்தலுக்கு முன்பே, பட்டியலில் யார், நம் பகுதிக்கு என்ன உறுதி என்று கேட்காத சமூகம் தேர்தலுக்குப் பின் கேட்டுப் பயனில்லை.

இன்னொரு பாடத்தை நம் சகோதர மாவட்டம் தந்தது. 2020 பொதுத்தேர்தலில் அம்பாறையில், அதாவது திகாமடுல்ல மாவட்டத்தில், தமிழ் வாக்கு இரண்டாகப் பிரிந்து ஒரு தமிழ் உறுப்பினர்கூடத் தெரிவாகவில்லை. தேசியப் பட்டியலில்தான் ஒருவரை அனுப்ப வேண்டி வந்தது. 2024இல் மீண்டும் ஓர் ஆசனம் கிடைத்தது. 1970இல் மட்டக்களப்பு முஸ்லிம்களுக்கு நடந்ததுதான் 2020இல் அம்பாறைத் தமிழருக்கு நடந்தது. அன்று அதைப் பார்த்து நம்மில் சிலர் சிரித்துப் பதிவு போட்டார்கள். 1970ஐத் தெரிந்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

கடைசியாக, நம்மை எல்லோரையும் பாதித்த வெற்றுக் கதிரையைப் பற்றி. 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போனது. அதே மார்ச் மாதம் சபைகளின் காலமும் முடிந்தது. தேர்தலை நடத்தாதது மக்களின் உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே வரை இரண்டு வருஷத்துக்கு மேல் நமக்கு வட்டார உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. மாரி மழையில் ஒழுங்கைக்குள் முழங்கால் தண்ணீர் நின்றபோது, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகளில் தமிழ்ப் பிள்ளையும் இருந்தது, முஸ்லிம் பிள்ளையும் இருந்தது. வடிகானுக்கு யாரிடம் சொல்வது என்று கேட்டபோது, சொல்ல ஒரு பெயர் நம்மிடம் இருக்கவில்லை. கிழக்கு மாகாண சபையின் கதை இன்னும் மோசம். 2017 செப்டம்பரில் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. நம்முடைய பாடசாலைகள் பலவற்றுக்குப் பொறுப்பான சபை அது. யார் எத்தனை ஆசனம் என்று சண்டை பிடிக்க முதலில் ஆசனம் இருக்க வேண்டுமே!

இவ்வளவு தூரம் வாசித்தவர்களிடம் நாம் கேட்பது மூன்று.

முதலாவது, எல்லை நிர்ணயம் பற்றி அறிவித்தல் வரும்போது கண்ணை மூடிக்கொண்டிருக்காதீர்கள். மக்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்பார்கள். பள்ளிவாசல் நிருவாகமும் கோயில் பரிபாலன சபையும் கிராம அபிவிருத்திச் சங்கமும் தனித்தனியே எழுதுவதைவிட, ஒரே மேசையில் இருந்து ஒரே கடிதம் எழுதினால் அதன் பாரம் வேறு. கலந்து வாழும் வட்டாரங்களுக்கு இரட்டை அங்கத்தவர் என்ற வழி நம் மண்ணுக்குப் புதிதல்ல. இன்றைய உள்ளூராட்சிச் சட்டத்திலும் பல அங்கத்தவர் வட்டாரத்துக்கு இடமிருக்கிறது.

இரண்டாவது, வென்றவர் எந்தக் கட்சியானாலும் அவரிடம் போங்கள். வாக்குப் போடவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். தேர்தல் முடிந்தால் அவர் 380 பேரின் உறுப்பினர் அல்ல, 1000 பேரின் உறுப்பினர். அதை அவருக்கு ஞாபகப்படுத்துவது நம் வேலை.

மூன்றாவது, 1960, 70களில் வாக்களித்த பெரியவர்கள் இன்னும் சிலர் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இரண்டு வாக்கையும் எப்படிப் போட்டீர்கள், அடுத்த வீட்டாரோடு என்ன பேசினீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்களோடு அந்தக் கதையும் மண்ணுக்குள் போய்விடக்கூடாது.

வகுப்பில் அந்தப் பிள்ளைக்குக் கடைசியில் சொன்ன பதில் இதுதான்: நம்மட ஆள் என்றால் நம் வடிகானைத் தெரிந்த ஆள். அவருடைய பெயர் எந்தப் பெயராக இருந்தாலும் சரி. ஆனால் நம்மிடமிருந்து ஒருவரும் வரவே முடியாத மாதிரி எல்லையைக் கீறினால், அதைத் தட்டிக் கேட்கவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத் தெரிந்த தலைமுறையாக நம் பிள்ளைகள் வரவேண்டும், இன்ஷா அல்லாஹ்.

தவறிருந்தால் பெரியவர்கள் திருத்தித் தாருங்கள். வஸ்ஸலாம்.